கியர்பாக்ஸை இறக்குவதற்கு முன்னால்

கேள்வி:

அண்ணாச்சிக்கு வணக்கம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து எழுதுகிறேன். வீரவநல்லூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆசிரியையாக இருக்கிறேன். அப்பா வைத்திருந்த 1998 மாடல் மாருதி 800 எங்களிடம் இருக்கிறது. கார்புரேட்டர் வண்டி. அப்பா தவறிய பிறகு ஒன்றரை வருடம் வீட்டிலேயே நின்றது. போன தை மாதத்திலிருந்து நான் பள்ளிக்கு ஓட்டிப் போகிறேன். இப்போது நிறுத்துகிற இடத்தில் தினமும் கறுப்பாக ஆயில் சொட்டிக் கிடக்கிறது. ரயில்வே கேட்டில் நிற்கும்போது தீய்ந்த வாடையும் வருகிறது. இங்குள்ள மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு, "கிராங்க் பின் சீல் போச்சு, கியர்பாக்ஸை இறக்கணும், அதோட இன்ஜினையும் பிரிச்சு ரிங் மாத்திரலாம்" என்கிறார். பதினெட்டாயிரம் ஆகுமாம். இன்னொருவர், கெட்டி ஆயில் ஊற்றி, லீக்கை நிறுத்தும் மருந்து ஒரு டப்பா விட்டால் போதும் என்கிறார். என் வீட்டுக்காரர் பழைய இரும்புக்குப் போடச் சொல்கிறார். எனக்கு மனசு வரவில்லை. யார் சொல்வதைக் கேட்பது? வைகாசி விசாகத்துக்குத் திருச்செந்தூர் போகலாம் என்று இருந்தோம். இந்த வண்டியில் போகலாமா?

பதில்:

டீச்சர், கியர்பாக்ஸை இறக்க நீங்கள் இன்னும் சம்மதம் சொல்லவில்லை என்று தெரிகிறது. நல்லது. உங்கள் மெக்கானிக் சொன்னது தவறு என்று நான் சொல்ல வரவில்லை. அவர் சொல்லும் சீல், அதாவது கிராங்க் தண்டின் பின்முனையில், கியர்பாக்ஸ் பக்கம் ஆயிலைத் தடுக்கும் ரப்பர் வளையம், போயிருக்கவும் கூடும். ஆனால் அவர் அடியில் படுத்துப் பார்த்ததோடு நிறுத்திக்கொண்டார். இந்த வண்டியில் அடியிலிருந்து மட்டும் பார்த்து அந்த முடிவுக்கு வர முடியாது.

மாருதி 800-இன் 796 சிசி, மூன்று சிலிண்டர் இன்ஜின் பானெட்டுக்குள் குறுக்குவாட்டில் உட்கார்ந்திருக்கிறது. ஒரு முனையில் டைமிங் பெல்ட், மறு முனையில் கிளட்ச்சும் கியர்பாக்ஸும். அந்தக் கியர்பாக்ஸ் பக்கத்து முனையில்தான், மேலே சிலிண்டர் ஹெட்டை ஒட்டி, பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் டிஸ்ட்ரிபியூட்டர் இருக்கிறது. வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட் அதைச் சுழற்றுகிறது. டிஸ்ட்ரிபியூட்டரின் கழுத்தில் ஒரு ஓ-ரிங் உண்டு. அது உட்காரும் கேஸுக்கும் ஹெட்டுக்கும் நடுவில் ஒரு பேக்கிங் உண்டு. இவற்றில் ஒன்று காய்ந்துபோனாலும் ஆயில் மெல்லக் கசிந்து, ஹெட்டின் ஓரமாக இறங்கி, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இணைப்பைப் பிடித்துக்கொண்டு வழிந்து, கிளட்ச்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்குக்கு அடியில் போய்ச் சொட்டும். கிராங்க் பின் சீல் போனாலும் அதே இடத்தில்தான் சொட்டும். அடியில் படுத்திருப்பவருக்கு இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரியும். முதலாவதைச் சரிசெய்ய சில நூறு ரூபாய்ப் பொருள், அரை நாள் வேலை. இரண்டாவதற்குத்தான் கியர்பாக்ஸ் இறங்க வேண்டும்.

பழைய 800, பழைய ஆம்னி இரண்டுக்கும் ஒரே இன்ஜின் குடும்பம்தான். பின் சீல் என்று சொல்லிக் கொண்டுவரப்படும் இந்த வண்டிகளில் நான் முதலில் கைவைத்துத் தடவிப் பார்ப்பது டிஸ்ட்ரிபியூட்டரின் அடிப்பக்கத்தைத்தான். அங்கே விரல் நனைந்தால் கீழே போய்ப் பார்க்க அவசரமில்லை.

உங்கள் கடிதத்தில் இன்னொரு விஷயம் இருக்கிறது. வண்டி ஒன்றரை வருடம் ஓடாமல் நின்றிருக்கிறது. ஆயில் சீலின் உதடு ஆயிலில் நனைந்துகொண்டே இருக்கும்வரை இளக்கமாக இருக்கும். வண்டி நின்றால் ஆயில் எல்லாம் கீழே ஆயில் தொட்டியான சம்ப்பில் போய்த் தங்கிவிடும். மேலே இருக்கும் ரப்பர் காயும், சுருங்கும், விறைக்கும். அதனால் நின்ற வண்டியில் மேல்பக்கத்து ரப்பர்கள்மேல்தான் எனக்கு முதல் சந்தேகம் வரும். திரும்ப ஓட்ட ஆரம்பித்ததும் சில சீல்கள் இளகிக் கசிவு குறைவதும் உண்டு. ஆனால் தையிலிருந்து ஓட்டியும் உங்களுக்குக் குறையவில்லை. அதனால் தானாகச் சரியாகும் என்று காத்திருக்க வேண்டாம்.

சரி, இன்று செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது. ஆயில் அளவைப் பாருங்கள். சமதளத்தில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் பொறுத்து, டிப்ஸ்டிக்கை உருவித் துடைத்து, மறுபடி முழுக்கச் செருகி எடுத்துப் பார்க்க வேண்டும். இரண்டு கோடுகளுக்கு நடுவில், மேல்கோட்டை ஒட்டி இருக்க வேண்டும். இந்த இன்ஜினுக்குப் பிடிப்பதே ஏறக்குறைய மூன்று லிட்டர் ஆயில்தான். அதில் ஒரு லிட்டர் போனால் மூன்றில் ஒரு பங்கு போனதாக அர்த்தம். பெரிய இன்ஜின்கள் தாங்கும் அளவுக்கு இது தாங்காது. "ஆயில் குறைந்தால் லைட் எரியுமே" என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தச் சிவப்பு லைட் அளவைக் காட்டுவதில்லை, பிரஷரைக் காட்டுகிறது. ஓடும்போது அது எரிந்தால் பம்ப்புக்கு ஆயில் எட்டவில்லை, பேரிங்குகள் காய்ந்து ஓடுகின்றன என்று அர்த்தம். அடுத்த ஊர்வரை போய்ப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைக்காமல் ஓரங்கட்டி அணைத்துவிட வேண்டும்.

தினமும் சொட்டுவது எவ்வளவு இருக்கும் என்று கேட்பீர்கள். இருபது சொட்டு சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மில்லி. நிமிடத்துக்கு ஒரு சொட்டு என்றாலும் எட்டு மணி நேரத்தில் 25 மில்லியைத் தாண்டாது. தரையில் பார்க்கும்போது அது பெரிய கறையாகத் தெரியும், பயமுறுத்தும். ஆனால் ஓடும்போது ஆயில் பிரஷரோடு வீசியடிக்கிறதே, அப்போது வெளியேறுவதுதான் அதிகம். அது சாலையில் விழுவதால் யார் கண்ணிலும் படுவதில்லை. அதனால் தரைக் கறையை வைத்து அளக்காதீர்கள். ஸ்டிக்கை வைத்து அளந்து, ஓடிய கிலோமீட்டரோடு சேர்த்து ஒரு நோட்டில் குறித்து வையுங்கள். மெக்கானிக்கிடம் "நிறையச் சொட்டுது" என்று சொல்வதைவிட "300 கிலோமீட்டருக்கு இவ்வளவு இறங்கியிருக்கு" என்று சொன்னால் அவருக்கும் பேசத் தோதாக இருக்கும்.

ஸ்டிக்கைப் பார்க்கும்போது அதை முகர்ந்தும் பாருங்கள். இதைக் காரணத்தோடுதான் சொல்கிறேன். கார்புரேட்டர் வண்டியில் பெட்ரோல் பம்ப், கேம்ஷாஃப்ட் இயக்கும் மெக்கானிக்கல் பம்ப். உள்ளே டயாஃபிரம் என்கிற ரப்பர் சவ்வு. அது ஓட்டையானால் பெட்ரோல் இன்ஜினுக்குள்ளேயே இறங்கி ஆயிலோடு கலக்கும். ஆயில் நீர்த்துப்போய், எந்தச் சின்ன இடுக்கு வழியாகவும் வெளியே வரும். வெளியே சொட்டியும் ஸ்டிக்கில் அளவு குறையவில்லை, கூடியிருக்கிறது, பெட்ரோல் வாடையும் அடிக்கிறது என்றால் வண்டியை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். முதலில் பம்ப், பிறகு ஆயில், இரண்டையும் மாற்றியாக வேண்டும். இப்போது பங்கில் கிடைக்கும் 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல், அந்தக் காலத்து ரப்பருக்கு ஒத்துவராது. பெட்ரோல் குழாய்களையும் அப்படியே ஒரு பார்வை பார்த்துக்கொள்ளுங்கள். வெடித்திருந்தால் மாற்றுங்கள், மீட்டர் கணக்கில் விற்கும் சாதனம்தான்.

அப்புறம், சொட்டுவது இன்ஜின் ஆயில்தானா என்பதையும் உறுதிசெய்துகொள்ளுங்கள். ராத்திரி நிறுத்தும்போது இன்ஜினுக்குக் கீழே ஒரு பெரிய அட்டையை விரித்து, முன்சக்கரம் நிற்கும் இடத்தைப் பேனாவால் குறித்துவிடுங்கள். காலையில் சொட்டு எங்கே விழுந்திருக்கிறது என்று தெரியும். கறுப்பாக, இளக்கமாக இருந்தால் இன்ஜின் ஆயில். இன்னும் கெட்டியாக, கந்தக வாடையோடு இருந்தால் கியர் ஆயில். அப்படியானால் கதையே வேறு, கியர்பாக்ஸ் சீலையோ ஆக்சில் சீலையோ பார்க்க வேண்டும். இன்ஜினுக்கு அதில் வேலையில்லை. சக்கரத்தின் உள்பக்கம் நிறமே இல்லாமல் வழவழவென்று இருந்தால் பிரேக் ஆயில். அப்போது வண்டியை எடுக்கவே கூடாது.

இன்ஜின் ஆயில்தான் என்று தெரிந்த பிறகு செய்ய வேண்டியது, கழுவுவது. ஸ்பேனரை எடுப்பதற்கு முன்னால் கழுவ வேண்டும். உங்கள் வண்டியில் வருடக்கணக்கான ஆயிலும், ஆடிக் காற்றில் பறந்து வந்த மண்ணும் சேர்ந்து களிம்பாகப் படிந்திருக்கும். அதற்குள் புதுக் கசிவு எது, பழைய கசிவு எது என்று யாராலும் சொல்ல முடியாது. இன்ஜின் முழுக்க ஆறிய பிறகு, டிஸ்ட்ரிபியூட்டரையும் கார்புரேட்டரையும் டைனமோவையும் பாலித்தீன் கவரால் இறுக்கிக் கட்டிவிட்டு, டீசலோ டிகிரீசரோ தடவி, பிரஷ்ஷால் தேய்த்து, லேசான தண்ணீரில் அலச வேண்டும். வாட்டர் சர்வீஸில் விட்டால், பக்கத்தில் நின்று சொல்லிச் செய்யச் சொல்லுங்கள். பிரஷர் தண்ணீரை டிஸ்ட்ரிபியூட்டர்மேல் நேராக அடித்துவிட்டால் வண்டி ஸ்டார்ட் ஆகாமல் அங்கேயே நிற்கும். கழுவி முடித்து, துணியால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். டீசல் ஈரம் இருக்கும்போது ஸ்டார்ட் செய்யக் கூடாது.

காய்ந்த பிறகு சந்தேகமுள்ள இடங்களில், அதாவது இன்ஜினின் உச்சியில் இருக்கும் மூடியான டேப்பட் கவரின் ஓரம், டிஸ்ட்ரிபியூட்டர் அடி, பெட்ரோல் பம்ப்பின் அடி, ஹெட்டும் பிளாக்கும் சேரும் கோடு, இங்கெல்லாம் முகத்துக்குப் போடும் பவுடரை லேசாகத் தூவிவிடுங்கள். சிரிக்காதீர்கள். பெரிய ஒர்க்‌ஷாப்பில் ஆயிலில் சாயம் கலந்து, புற ஊதா விளக்கு அடித்துக் கண்டுபிடிக்கிற அதே வேலையைப் பவுடர் செய்யும். ஆயில் வரும் இடத்தில் பவுடர் நனைந்து கோடாகத் தெரியும். பிறகு அம்பாசமுத்திரம்வரை போய்வாருங்கள், அந்தத் தூரம் போதும். வந்ததும் அணைத்து, டார்ச் வெளிச்சத்தில், மேலிருந்து கீழாகப் பாருங்கள். ஆயில் மேலே ஏறாது. ஓடும்போது அடிக்கும் காற்று அதைப் பின்பக்கமாகத் தள்ளும், அவ்வளவுதான். ஆகவே நனைந்திருக்கும் இடங்களிலேயே உயரமானது எது, முன்பக்கமானது எது என்று பாருங்கள். கசிவு அங்கேதான் ஆரம்பிக்கிறது. அதற்குக் கீழே நனைந்திருப்பதெல்லாம் வழிந்து வந்தது. ஒரே ஓட்டத்தில் தெரியவில்லை என்றால் மறுநாளும் ஓட்டிப் பாருங்கள். போனில் படமும் எடுத்து வையுங்கள்.

கேட்டில் நிற்கும்போது தீய்ந்த வாடை வருகிறது என்று எழுதியிருக்கிறீர்கள். கடிதத்தில் எனக்கு மிகவும் உதவிய வரி அதுதான். பெரும்பாலும் ஆயில், புகை போகும் சூடான எக்ஸாஸ்ட்மேல் விழுந்தால்தான் அந்த வாடை வரும். ஓடும்போது காற்றில் போய்விடும், நின்றால் மேலே எழும்பி உள்ளே வரும். அடியில் இருக்கும் கிராங்க் பின் சீலிலிருந்து கசியும் ஆயில், மேலே இருக்கும் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு ஏறிப் போக வழியில்லை. கீழே ஓடும் சைலன்சர் குழாயில் தெறிக்கலாம்தான். ஆனாலும் வாடை வருகிறது என்றால் டேப்பட் கவர் பேக்கிங்மேல்தான் என் முதல் சந்தேகம். கழுவிப் பார்த்தால் தெரிந்துவிடும். உங்கள் வண்டியில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கசிவு இருப்பதற்கும் வாய்ப்பு உண்டு. வயதான வண்டியில் அது சகஜம்.

டேப்பட் கவர் பேக்கிங் மாற்றுவது எளிய வேலை. அதையும் கெடுக்க ஆள் இருக்கிறது. பேக்கிங் கசிகிறது என்றதும் சிலர் ஸ்பேனரை எடுத்து இறுக்குவார்கள். மறுநாள் கொஞ்சம் நிற்கும். அடுத்த வாரம் இன்னும் இறுக்குவார்கள். கவர் வளைந்துபோகும், அதன்பிறகு எந்தப் புதுப் பேக்கிங் போட்டாலும் நிற்காது. கழற்றியதும் கவரைக் கண்ணாடித் தகடுபோல ஏதாவது சமதளத்தில் கவிழ்த்து வைத்து, ஓரம் எங்காவது தூக்குகிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். பழைய பேக்கிங்கின் துணுக்குகளைச் சுரண்டி, இரண்டு பக்கமும் ஆயில் பிசுக்கே இல்லாமல் துடைத்து, புதுப் பேக்கிங்கை வைத்து, நிதானமாக, சமமாக முடுக்க வேண்டும். போல்ட்டுக்கு அடியில் வரும் சீல் வாஷர்களையும் கூடவே மாற்றிவிடுங்கள். பேக்கிங்கை மாற்றி வாஷரைப் பழசாகவே விட்டால் அது வழியாக வரும்.

அனபாண்ட் பசை தடவுவதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பட்டறைகளில் பேக்கிங் என்று சொன்னாலே ட்யூபைப் பிதுக்குகிற பழக்கம் இருக்கிறது. சம்ப் போல சில இடங்களுக்கு அது தேவை. ரப்பர் பேக்கிங் உள்ள இடத்தில் மூலைகளில் ஒரு பொட்டு போதும். வழிய வழியப் பூசினால் உள்பக்கம் பிதுங்கியது ஒரு நாள் கழன்று சம்ப்புக்குள் விழும். ஆயில் பம்ப்பின் உறிஞ்சு வலையில் போய் அடைக்கும். வெளியே கசிவு நிற்கும், உள்ளே பேரிங் போகும்.

டிஸ்ட்ரிபியூட்டர் ஓ-ரிங் மாற்றும்போது கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று. கழற்றுவதற்கு முன்னால், அதன் உடலுக்கும் கேஸுக்கும் சேர்த்து ஒரு கோடு கீறிக்கொள்ள வேண்டும், உள்ளே சுற்றும் ரோட்டர் எந்தப் பக்கம் பார்க்கிறது என்றும் குறித்துக்கொள்ள வேண்டும். அதன் கியர் பல் சாய்வாக வெட்டியிருப்பதால் வெளியே இழுக்கும்போது ரோட்டர் கொஞ்சம் திரும்பும். திரும்பப் போடும்போது பழைய இடத்தில் வந்து உட்காராவிட்டால் பற்றவைக்கும் நேரம் மாறி, வண்டி இழுக்காது, சூடாகும். "கசிவுக்கு விட்டேன், இழுவை போச்சு" என்று வருகிறவர்களுக்கு நடந்தது பெரும்பாலும் இதுதான். போட்ட பிறகு டைமிங் லைட் வைத்து ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். ஓ-ரிங்கைக் கடையில் கண்ணளவில் பார்த்து வாங்காமல், பழையதைக் கொண்டுபோய் 800-க்கு உள்ளதையே கேட்டு வாங்குங்கள். மாருதி 800 தயாரிப்பு 2014 ஜனவரியோடு நின்றுவிட்டாலும் சாமான் கிடைக்காத பயம் இல்லை. அதே இன்ஜினோடு ஆம்னி 2019 வரை வந்துகொண்டிருந்ததால் திருநெல்வேலி ஜங்ஷன் கடைகளில் கேட்டால் எடுத்துத் தருவார்கள்.

இனி, பேக்கிங் வாங்கக் கடைக்குப் போவதற்கு முன்னால் பார்க்க வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இதைத்தான் பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. இன்ஜின் ஓடும்போது பிஸ்டன் ரிங்கைத் தாண்டிக் கொஞ்சம் கேஸ் அடிப்பக்கம் இறங்கத்தான் செய்யும். புது இன்ஜினிலும் இறங்கும். அது வெளியேற டேப்பட் கவரிலிருந்து ஏர் ஃபில்டர் பக்கம் போகும் பிரீதர் குழாய் இருக்கிறது. அந்தக் குழாய் ஆயில் சேறு படிந்து அடைத்துக்கொண்டால் உள்ளே அழுத்தம் கூடும். குக்கரில் வெயிட் அடைத்துக்கொண்டால் கேஸ்கெட் வழியாகப் பீறிடுமே, அதேதான். எந்தச் சீல் பலவீனமாக இருக்கிறதோ அதன் வழியாக ஆயிலைத் தள்ளும். சீலை மட்டும் மாற்றினால் அடுத்த பலவீனமான சீலைத் தேடிப் போகும். "ஒன்னு மாத்தினா இன்னொன்னு லீக் ஆகுது அண்ணாச்சி" என்று வருகிற வண்டிகளில் பாதிக்குமேல் பிரீதர்தான் குற்றவாளி என்பது என் அபிப்பிராயம்.

இதை நீங்களே பார்க்கலாம். குழாயைக் கழற்றி வாயால் ஊதிப் பாருங்கள். துடைத்துவிட்டு ஊதுங்கள், இல்லையென்றால் ருசி நாள்முழுக்கப் போகாது. தடையில்லாமல் காற்றுப் போக வேண்டும். வழியில் அந்தக் கேஸை ஒரு பக்கமாக மட்டும் விடும் பிசிவி வால்வு இருந்தால் அதைக் காதுப் பக்கம் வைத்து ஆட்டிப் பாருங்கள். உள்ளே கடகடவென்று ஆட வேண்டும். ஆடாவிட்டால் ஒட்டிக்கொண்டுவிட்டது. குழாயைத் திரும்பப் போட்டு, இன்ஜினை மெதுவான ஓட்டத்தில் விட்டு, ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, அதன்மேல் மெல்லிய பாலித்தீன் தாள் ஒன்றை வையுங்கள். தாள் படபடத்தாலோ லேசாக உள்ளே இழுபட்டாலோ பரவாயில்லை. மேலே தூக்கி எறியப்பட்டு, புகை புஸ்புஸ்ஸென்று அடித்தால் பேக் கம்ப்ரஷன், அதாவது உள்ளே கேஸ் அழுத்தம் அளவுக்கு மீறியிருக்கிறது. குழாய் சுத்தமாக இருந்தும் அப்படி அடித்தால்தான் ரிங் பேச்சையே எடுக்க வேண்டும்.

அப்போதும் நேராகப் பிரித்துவிடக் கூடாது. கம்ப்ரஷன் கேஜ் வைத்து மூன்று சிலிண்டரையும் அளந்து, குறைவாகக் காட்டும் சிலிண்டரில் பிளக் ஓட்டை வழியாக ஒரு ஸ்பூன் ஆயில் விட்டு மறுபடி அளக்க வேண்டும். அளவு ஏறினால் ரிங் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு பக்கம் பார்க்க வேண்டும். சைலன்சரில் நீலப் புகை வருகிறதா என்பதை நீங்கள் எழுதவில்லை. புகையும் இல்லை, இழுவையும் குறையவில்லை என்றால் "அதோட ரிங்கையும் மாத்திரலாம்" என்பதற்குக் காரணமே இல்லை. கசிவுக்கு வந்த வண்டியை இன்ஜின் வேலைக்குத் திருப்புவது எங்கள் தொழிலில் இருக்கிற கெட்ட பழக்கம். எல்லோரும் ஏமாற்றுவதற்காகச் செய்வதில்லை. பிரித்தால் எல்லாம் சேர்ந்து சரியாகிவிடும் என்று நம்பிச் செய்கிறவர்களும் உண்டு.

மற்ற இடங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஆயில் ஃபில்டரைக் கடைசியாக மாற்றியபோது பழைய ஃபில்டரின் ரப்பர் வளையம் பிளாக்கிலேயே ஒட்டிக்கொண்டு, அதன்மேலேயே புது ஃபில்டரைத் திருகியிருந்தால் கசியும். டிரெயின் நட்டின் வாஷரை ஒவ்வொரு தடவையும் மாற்ற வேண்டும். ஆயில் பிரஷர் ஸ்விட்ச்சின் பின்பக்கம் ஒயர் ஆயிலில் ஊறியிருந்தால் ஸ்விட்ச் போய்விட்டது, விலை குறைவுதான். டைமிங் பெல்ட் கவருக்குள் ஈரம் இருந்தால் மட்டும் விளையாட்டாக எடுத்துக்கொள்ளாதீர்கள். கேம் சீலோ கிராங்க் முன் சீலோ கசிகிறது. ஆயில் குடித்த பெல்ட் ஊறிப்போய்ப் பல் கழன்று அறுந்துவிடும். சீல்களை மாற்றும்போது பெல்ட்டையும் மாற்றியே தீர வேண்டும், துடைத்துப் போடச் சம்மதிக்காதீர்கள்.

இதையெல்லாம் பார்த்து, மேலே எல்லாம் பவுடர் நனையாமல் காய்ந்திருக்கிறது, பெல் ஹவுசிங் அடியில் மட்டும் புதிதாக ஆயில் வருகிறது என்றால் உங்கள் மெக்கானிக் சொன்னது சரி. கிளட்ச்சும் ஒரு சாட்சி சொல்லும். பாபநாசம் ஏற்றத்தில் ஆக்சிலரேட்டரை மிதித்தால் இன்ஜின் சத்தம் ஏறுகிறது, வண்டி ஏறவில்லை என்றால் கிளட்ச் பிளேட்டில் ஆயில் பட்டிருக்கலாம். அப்போது கியர்பாக்ஸை இறக்கத்தான் வேண்டும். இறக்கினால் சீலோடு கிளட்ச் பிளேட்டையும் ரிலீஸ் பேரிங்கையும் பார்த்து, தேய்ந்திருந்தால் சேர்த்தே மாற்றிவிடுங்கள். கூலி ஒன்றுதான். கிராங்கில் பழைய சீல் ஓடிய இடத்தில் நகத்துக்குத் தட்டுப்படும் அளவுக்குப் பள்ளம் விழுந்திருந்தால் புதுச் சீலும் அதே பள்ளத்தில் உட்கார்ந்து கசியும். இடம் இருந்தால் சீலை ஒரு மில்லிமீட்டர் முன்பின் தள்ளி, தேயாத இடத்தில் உதடு ஓடும்படி அடிப்பதுண்டு. விவரம் தெரிந்த மெக்கானிக் இதைக் கேட்காமலே பார்ப்பார். நீங்கள் கேட்டாலும் கோபப்பட மாட்டார்.

கெட்டி ஆயில், மருந்து யோசனைக்கு வருகிறேன். மருந்து ரப்பரை ஊதவைக்கும். விறைத்த சீல் கொஞ்சம் இளகிச் சில மாதம் நிற்கலாம். கிழிந்த சீலுக்கோ வளைந்த கவருக்கோ அது ஒன்றும் செய்யாது. நன்றாக இருக்கும் சீல்களையும் அளவுக்கு மீறி மென்மையாக்கிவிடும் என்பதால் நான் பயன்படுத்துவதில்லை. கெட்டி ஆயில் காலையில் ஸ்டார்ட் செய்ததும் மேலே கேம்ஷாஃப்ட்வரை ஏற நேரமெடுக்கும். அந்த நேரத்தில் தேய்வது ஆயிலைவிட விலை அதிகம். உங்கள் வண்டிக்கு 20டபிள்யூ-40 சரியான ஆயில். வண்டி ஒன்றரை வருடம் நின்றதே, அப்போது உள்ளே கிடந்த ஆயிலை மாற்றிவிட்டுத்தான் ஓட்ட ஆரம்பித்தீர்களா? இல்லையென்றால் கசிவு வேலை முடிந்ததும் ஆயிலும் ஃபில்டரும் மாற்றுங்கள். வேலைக்கு முன்னால் மாற்றினால் புது ஆயில் வீண்.

வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள், கசிவுக்காக யாரும் காரை இரும்புக்குப் போடுவதில்லை. அடித்தகடு துருவில் போயிருந்தால் யோசிக்கலாம். அதை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்டு வைத்துத்தான் பார்க்க வேண்டும், ஜாக்கியை மட்டும் நம்பி யாரையும் அடியில் போகவிடாதீர்கள்.

அப்படி அடியில் பார்க்கும்போது வைக்கோலையும் பாருங்கள். பங்குனியில் பிசான அறுவடை நேரம், உங்கள் பக்கத்துச் சாலைகளில் நெல்லும் வைக்கோலும் காயப்போட்டிருப்பார்கள். நீங்களும் அதன்மேல் ஓட்டித்தான் பள்ளிக்கூடம் போயிருப்பீர்கள். ஆயில் ஊறிய அடிப்பக்கத்தில் வைக்கோல் ஒட்டிக்கொள்ளும், ஆக்சிலில் சுற்றிக்கொள்ளும், சைலன்சர் குழாய்க்குப் பக்கத்திலேயே காய்ந்து கிடக்கும். தீய்ந்த வாடை வரும் வண்டியில் இது இருந்தால் தீப்பிடிக்க அதுவே போதும். கழுவும்போது கையால் பிடுங்கி எடுத்துவிடுங்கள். கசிவில் எனக்கு உண்மையாகவே பயம் தருவது இதுதான்.

திருச்செந்தூர் விஷயம். கல்லிடைக்குறிச்சியிலிருந்து ஒரு வழிக்கே நூறு கிலோமீட்டரை ஒட்டி வரும், விசாகத்தன்று கூட்டத்தில் ஊர்ந்து போக வேண்டும், வெயில் வேறு. தீய்ந்த வாடை நிற்கும்வரை இந்த வண்டியில் போக வேண்டாம். அதற்குள் கழுவி, கண்டுபிடித்து, டேப்பட் பேக்கிங்கோ டிஸ்ட்ரிபியூட்டரோ மாற்றி, ஒரு வாரம் பள்ளிக்கு ஓட்டிப் பார்த்து, ஸ்டிக்கில் அளவு இறங்காமல் இருந்தால் தாராளமாகப் போய்வரலாம். டிக்கியில் ஒரு லிட்டர் ஆயில் டப்பா வைத்துக்கொள்ளுங்கள். போகும் வழியில் பாளையங்கோட்டையில் நிறுத்தி ஒருமுறை ஸ்டிக்கைப் பாருங்கள். வேலை முடியாவிட்டால் உங்கள் ஊரிலேயே ரயில் ஏறி, திருநெல்வேலியில் மாறிப் போகலாம்.

வேலைக்கு விடும்போது கழற்றிய பழைய பேக்கிங்கையும் ஓ-ரிங்கையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். விரலால் வளைத்துப் பாருங்கள். உடைந்தால் அல்லது வளைத்த வடிவிலேயே நின்றால் காய்ந்த ரப்பர், மாற்றியது நியாயம். வேலை முடிந்ததும் இன்னொரு முறை கழுவச் சொல்லிவிடுங்கள். அதன்பிறகும் அட்டையில் சொட்டு விழுந்தால், இன்ஜினை மேலிருந்து எடுத்த படங்களோடும் நோட்டில் குறித்த கணக்கோடும் எழுதுங்கள்.